திருகோணமலையில் பியர் சுவை வரிசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை உணவகங்களில் மாலையில் அமரும் நம்மவர்களின் மேசைகளில் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் காண்கிறோம்: கூடிய மதுசாரம் உள்ள ஒரே வகைப் பியரின் பெரிய போத்தல்கள், பக்கத்தில் ஒரு தட்டு பைற்ஸ், அரை மணி நேரத்தில் அடுத்த போத்தல். பியருக்குச் சுவை உண்டு என்பதும், ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் இடையில் கவனித்து இரசிக்கத்தக்க வேறுபாடு உண்டு என்பதும் அந்த வேகத்தில் தெரியாமலே போய்விடுகின்றன. சிறு அளவில், வரிசையாக, நிதானமாகச் சுவைத்துப் பார்க்க விரும்புவோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. இது 21 வயதைக் கடந்த, ஏற்கெனவே பியர் அருந்துகின்றவர்களுக்கு மட்டுமே உரியது. குடிப்பழக்கம் இல்லாத எவரும் இதைப் படித்துத் தொடங்க வேண்டும் என்பது எமது நோக்கமல்ல.

சுவை வரிசை என்றால் என்ன?

வெவ்வேறு வகைப் பியர்களை, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிலீற்றர் வரை சிறு கிளாஸ்களில் ஊற்றி, ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டுச் சுவைப்பதே சுவை வரிசை. வெளிநாட்டுப் பப்களில் இதை ஃபிளைட் என்கிறார்கள். குழி வெட்டிய ஒரு மரப்பலகையில் நான்கு முதல் ஆறு கிளாஸ்கள் வரை வைத்துக் கொண்டுவந்து தருவார்கள். பலகை அலங்காரம் மட்டுமே. அளவு சிறியதாக இருப்பதும், கிளாஸ்கள் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதும், அவற்றை அருந்தும் ஒழுங்கும்தான் முக்கியம்.

திருகோணமலையில் இது எங்கே கிடைக்கும்?

உணவுப் பட்டியலில் இந்தப் பெயரோடு ஒரு வரி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். இங்கே பியர் பெரும்பாலும் போத்தலிலும் ரின்னிலும்தான் வருகிறது. குழாயிலிருந்து ஊற்றித் தரும் இடத்தில் மட்டுமே கடைக்காரர் தாமாகச் சிறு அளவுகளைப் பிரித்துத் தர முடியும். ஆகவே வரிசையை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். மூன்று அல்லது நான்கு பேர் சேர்ந்து போய், வகைக்கு ஒரு போத்தலாக வாங்கி, அதை எல்லோருக்கும் சமமாகப் பிரித்து ஊற்றுவதே எளிய வழி. 625 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 156 மில்லிலீற்றர் வரும். ஐவருக்குப் பிரித்தால் 125. 330 மில்லிலீற்றர் ரின் மூவருக்குச் சரியாக 110. தனியாகப் போகின்றவருக்கு இது வசதிப்படாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று போத்தல்களைத் திறந்து வைத்துக்கொண்டு மீதியை விட்டு வர ஒருவருக்கும் மனம் வராது. முழுவதையும் குடித்து முடித்தாலோ வரிசை அமைத்ததன் பயனே போய்விடும்.

இடத்தைப் பொறுத்தவரை, உப்புவெளி, அலஸ்தோட்டம் பகுதிகளிலிருந்து நிலாவெளி வரை நீளும் கரையோரத்தில் உள்ள அனுமதிப்பத்திரம் பெற்ற விடுதிகளும் உணவகங்களுமே இதற்கு ஏற்றவை. அங்கே மேசைகள் விசாலமாக இருக்கும், இருந்து பேச நேரம் தருவார்கள், வெளிநாட்டுப் பயணிகள் வந்து போவதால் சிறு கிளாஸ் கேட்பதை யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். நகரத்துக்குள் இருக்கும் மதுபானசாலைகளில் கூட்டமும் சத்தமும் அதிகம். கதவடைத்த குளிர் அறைக்குள் சிகரெட் புகை நின்றால் எந்தப் பியரின் மணமும் மூக்குக்கு எட்டாது. கிண்ணியா, மூதூர் போன்ற முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்களின் உணவகங்களில் மதுவைப் பற்றிக் கேட்பதே முறையல்ல. கோணேசர் கோயிலுக்குப் போகும் நாளை இதற்கு ஒதுக்காமல் இருப்பதும் நல்லது. குடித்துவிட்டுச் சுவாமி மலை ஏறுவதை இந்த ஊரில் எவரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அனுமதிப்பத்திரம் இல்லாத சில சிறு கடைகள் பியரைத் தேநீர்க் கேத்தலில் ஊற்றி மறைவாகத் தருவது நம் நாட்டின் கடற்கரைகளில் புதுமையல்ல. அப்படிப்பட்ட இடத்தில் எதைத் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள் என்று நமக்குத் தெரியாது. கண் முன்னால் மூடி திறக்கப்படாத பியரை வரிசையில் சேர்க்க வேண்டாம்.

பரிசாரகரிடம் எப்படிக் கேட்பது?

நேரடியாகவும் முழுமையாகவும், முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இங்கே கிடைக்கும் லாகர் மென்மையான பொன்னிறப் பியர், ஸ்ட்ரோங் மதுசாரம் கூடியது, ஸ்டவுட் வறுத்த தானியத்தால் கறுத்தது. “தம்பி, லாகர் ஒண்டு, ஸ்ட்ரோங் ஒண்டு, ஸ்டவுட் ஒண்டு கொண்டு வாங்கோ. சின்னக் கிளாஸ் பன்னிரண்டு வேணும். ஐஸ் போடாதேங்கோ, ஸ்டவுட்டைக் கடைசியாத் திறவுங்கோ” என்று சொன்னால் நால்வருக்கான ஒழுங்கு முடிந்தது. பன்னிரண்டு கிளாஸ்களைக் கழுவிக் கொண்டுவருவது அவருக்கு மேலதிக வேலை. கூட்டம் நிறைந்த சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அதைக் கேட்பது நியாயமில்லை. மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் போனால் அவருக்கும் ஓய்வு இருக்கும், நமக்கும் மூக்கும் நாக்கும் களைத்திருக்காது. போகும்போது மேசையில் ஒரு தொகையைத் தனியாக வைத்துவிட்டு வருவது நல்ல பழக்கம்.

எந்தப் பியர்களைத் தெரிவு செய்வது?

இங்கே சாதாரணமாகக் கிடைப்பவற்றைக் கொண்டே நல்லதொரு வரிசையை அமைக்கலாம். 4.8 சதவீத மதுசாரம் கொண்ட லயன் லாகர், ஏறத்தாழ 5 சதவீதமுள்ள கார்ல்ஸ்பேர்க் அல்லது ஹைனெக்கன், 8.8 சதவீதமுள்ள லயன் ஸ்ட்ரோங், அதே 8.8 சதவீதமுள்ள லயன் ஸ்டவுட் ஆகிய நான்கும் போதும். சில இடங்களில் அங்கர், டைகர் ஆகியவையும் இருக்கும். பெயர்களைச் சேகரிப்பதைவிட, வகைகள் வேறுபடுமாறு பார்த்துக்கொள்வதே பயன் தரும். ஏழு லாகர்களை வரிசையாக வைத்தால் நான்காவது கிளாஸுக்குப் பிறகு எல்லாம் ஒன்றாகவே தோன்றும்.

இந்த நான்கில் ஸ்டவுட்டைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. நம் நாட்டில் வடிக்கப்படும் பியர்களில் உலகம் முழுவதும் அறியப்பட்டது அதுதான். 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவின் குளிரில் தொடங்கிப் பின்னர் பியகமவுக்கு இடம் மாறிய வடிசாலையின் பியர் அது. பிரித்தானியப் பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (1942–2007) அதைப் பெரிதும் பாராட்டி எழுதிய பிறகே வெளிநாட்டு இரசிகர்கள் பலர் அதைத் தேடத் தொடங்கினார்கள். அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட பியர் நடுவர் சான்றளிப்பு அமைப்பின் வகைப்பாட்டில், வெப்பமண்டல ஸ்டவுட் என்ற வகைக்கு உதாரணமாகக் காட்டப்படும் பியர்களில் அதுவும் ஒன்று. இத்தனைக்கும் நம்மூரில் அதைக் ‘கறுப்பு பியர்’ என்று ஒதுக்கிவிட்டுப் போகின்றவர்களே அதிகம். வறுத்த தானியத்தின் மணம், மல்லிக் கோப்பியை நினைவூட்டும் கசப்பு, பின்னால் தங்கி நிற்கும் பனங்கட்டி இனிப்பு ஆகிய மூன்றையும் ஒரே மிடறில் தரும் பானம் நம் நாட்டிலேயே இருக்க, அதை ஒருமுறையாவது கவனித்துச் சுவைக்காமல் விடுவது வருந்தத்தக்கது.

கறுப்பாக இருந்தால் கடுமையானது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. நிறம் மோல்ட்டிலிருந்து வருகிறது. வெறி மதுசாரத்திலிருந்து வருகிறது. வாற்கோதுமையை முளைக்கவைத்து உலர்த்தினால் கிடைப்பது மோல்ட். அதை மெல்லிய சூட்டில் உலர்த்தினால் பொன்னிறப் பியரும், கோப்பிக்கொட்டைபோலக் கருக வறுத்துச் சேர்த்தால் கறுப்புப் பியரும் கிடைக்கும். மதுசாரத்தின் அளவைத் தீர்மானிப்பது, மோல்ட்டிலிருந்து கரைந்து வந்த சீனி எவ்வளவு, அதில் எவ்வளவை மதுவம் (ஈஸ்ட்) தின்று முடித்தது என்பவைதான். மேலே சொன்ன வரிசையிலேயே இதற்கான சான்று இருக்கிறது: லயன் ஸ்ட்ரோங் வெளிர்பொன் நிறம், லயன் ஸ்டவுட் கடுங்கறுப்பு, இரண்டிலும் 8.8 சதவீதம். அயர்லாந்தின் குழாய்க் கின்னஸ் கறுப்பாக இருந்தும் அதன் மதுசாரம் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. ஆகவே பியரின் நிறத்தைப் பார்க்காமல் சுட்டுத்துண்டில் அச்சிட்ட எண்ணைப் பார்க்கப் பழக வேண்டும்.

எந்த ஒழுங்கில் அருந்துவது?

மென்மையானதிலிருந்து கனமானதுக்கு. கசப்பும் இனிப்பும் மதுசாரமும் குறைந்தது முதலில், வறுத்த சுவையுள்ளது கடைசியில். ஸ்டவுட்டை முதலில் அருந்திவிட்டு லாகரைத் தொட்டால் லாகர் வெறும் சோடாத் தண்ணீராகத் தோன்றும். அது லாகரின் குற்றமல்ல. ஸ்ட்ரோங்குக்கும் ஸ்டவுட்டுக்கும் மதுசாரம் சமம் என்பதால் நிறமும் வறுவலும் குறைந்த ஸ்ட்ரோங் முன்னால் வரும்.

வரிசையை ஒருமுறை முடித்ததும், ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு வாய் மிச்சம் வைத்து, பின்னாலிருந்து முன்னாலும் ஒருமுறை வந்து பாருங்கள். ஸ்ட்ரோங்கின் மெல்லிய எரிவும் அதன் அடியிலுள்ள இனிப்பும் இந்தத் திரும்பும் பயணத்தில்தான் தெளிவாகப் புலப்படும்.

நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டாமா?

வேண்டும், ஆனால் உறைநிலைக்கு அல்ல. கடுங்குளிர் நாக்கை மரக்கச் செய்துவிடும். மணம் ஆவியாகி மேலே வருவதையும் தடுத்துவிடும். லாகருக்கு 5 முதல் 7 பாகை செல்சியஸ் வரை போதும். ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 வரை வேண்டும். நமது ஊர் உணவகக் குளிரூட்டிகள் பெரும்பாலும் ஒரே குளிரில்தான் எல்லாவற்றையும் வைத்திருக்கும். ஆகவே ஸ்டவுட் போத்தலை வரிசையின் தொடக்கத்திலேயே வெளியே எடுத்து, திறக்காமல், நிழலில் வைத்துவிடுங்கள். மே, யூன் மாதங்களின் வெப்பத்தில் அதன் முறை வரும்போது சரியான பதத்துக்கு வந்திருக்கும்.

இதே வெப்பம் லாகருக்கு எதிரி. நூறு மில்லிலீற்றர் பியர் மெல்லிய கிளாஸில் மிக வேகமாகச் சூடேறும். எனவே நான்கையும் ஒரே நேரத்தில் ஊற்றி வைப்பதைவிட, முதல் இரண்டை ஊற்றி ஒப்பிட்டு முடித்த பின் அடுத்த இரண்டை ஊற்றுவது இங்கே பொருத்தம். ஐஸ் கட்டி போடுவது பற்றிக் கேட்பவர்களும் உண்டு. தாகத்துக்குக் குடிக்கும்போது போடுங்கள், சுவைக்கும்போது வேண்டாம்.

கிளாஸ் எப்படி இருக்க வேண்டும்?

விசேட கிளாஸ் எதுவும் தேவையில்லை. பிளேன்ரீ தரும் சிறிய கண்ணாடிக் கிளாஸே நல்ல அளவு. ஆனால் சுத்தம் மிக முக்கியம். மீன் பொரித்த எண்ணெயோ சவர்க்காரமோ ஒரு துளி ஒட்டியிருந்தாலும் நுரை எழும்பாமல் இறந்துவிடும். ஊற்றிய பிறகு கிளாஸின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் அழுக்கு இருக்கிறது என்று பொருள். சுத்தமான கிளாஸில் குமிழிகள் நேராக மேலே போகும், குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சுவரில் படியும். அழுக்கான கிளாஸை மாற்றித் தரும்படி கேட்பதில் தயங்க வேண்டியதில்லை. நுரையை வீண் என்று நினைத்து முழுவதும் தவிர்க்கவும் வேண்டாம். இரண்டு விரல் தடிப்பு நுரையில்தான் மணம் தங்கியிருக்கும்.

சுவைக்கும்போது எதைக் கவனிப்பது?

முதலில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து நிறத்தையும் தெளிவையும் பாருங்கள். ஸ்டவுட்டைப் பிடித்தால் கறுப்பு என்று நினைத்தது விளிம்பில் கருஞ்சிவப்பாகத் தெரியும். பிறகு மூக்கருகே கொண்டுபோய்ச் சிறு சிறு மூச்சாக இரண்டு மூன்று முறை முகருங்கள். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மூக்கின் வேலையே. அதன் பின் ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நாக்கு முழுவதும் படவிட்டு, பிறகு விழுங்குங்கள். வைன் சுவைப்போர் துப்புவது போலப் பியரைத் துப்புவது வழக்கமல்ல. பியரின் கசப்பு விழுங்கிய பிறகே தொண்டையின் தொடக்கத்தில் முழுமையாகத் தெரியும்.

ஒவ்வொரு பியருக்கும் இடையில் சாதாரணத் தண்ணீர் ஒரு மிடறும், வேண்டுமானால் ஒரு துண்டு வெறும் பாணும் போதும். பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தெரிந்தது என்பதைக் கேட்பதற்கு முன் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுங்கள். ஒருவர் “கோப்பி மணக்கிறது” என்று சொல்லிவிட்டால் மற்ற எல்லோருக்கும் கோப்பிதான் மணக்கும்.

பியர் பழுதாகியிருப்பதை எப்படி அறிவது?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். கடற்கரை ஊரில் பியர் கெடுவதற்கான வாய்ப்புகள் அதிகம்.

முதல் எதிரி வெயில். பியருக்குக் கசப்பைத் தரும் ஹொப் பூவிலிருந்து வரும் சேர்மங்கள், ஒளி பட்டவுடன் சிதைந்து கந்தகம் கலந்த ஒரு நாற்றப் பொருளாக மாறுகின்றன. எரிந்த இறப்பர் போன்ற அந்த நெடி மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். மண்ணிறப் போத்தல் இந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும். பச்சைப் போத்தல் அவ்வளவாகத் தடுப்பதில்லை. ரின்னுக்குள் ஒளி போகவே போகாது. ஆகவே கடை முகப்பில் வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் அடுக்கிய பச்சைப் போத்தலைத் தவிர்த்து, அதே பியரை ரின்னில் கேளுங்கள். ஊற்றிய கிளாஸுக்கும் இதே கதி நேரும்: உச்சி வெயிலில் மணலில் வைத்த மேசையில், தெளிந்த கண்ணாடிக் கிளாஸிலுள்ள லாகர் சில நிமிடங்களிலேயே நெடியடிக்கத் தொடங்கும். விருப்பமிருந்தால் இதையே ஒரு பரிசோதனையாகச் செய்து பார்க்கலாம். ஒரே போத்தலிலிருந்து இரண்டு கிளாஸ்கள் ஊற்றி, ஒன்றை நிழலிலும் மற்றதை வெயிலிலும் பத்து நிமிடம் வைத்து முகர்ந்து பார்த்தவர் பிறகு ஒருபோதும் வெயிலில் பியர் வைக்க மாட்டார்.

இரண்டாவது எதிரி சூடு. கொழும்புப் பக்கமிருந்து லொறியில் வந்து, தகரக் கூரைக் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் இருந்த பியர் நனைந்த கடதாசி போன்ற மணத்தைப் பெற்றுவிடும். ரின்னின் அடியிலோ சுட்டுத்துண்டிலோ உள்ள திகதியைப் பார்த்து, இருப்பதில் புதியதைக் கேளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் பயணிகள் நிறைந்திருப்பதால் இருப்பு வேகமாக மாறும். மாரி மழை தொடங்கிய பிறகு, பல மேசைகள் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில்தான் திகதியைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

குழாய்ப் பியரில் புளிப்போ வெண்ணெய் மணமோ மிகுந்திருந்தால் குழாய் சரியாகக் கழுவப்படாமல் இருக்கலாம். லாகரில் பச்சை அப்பிள் மணம் தூக்கலாக இருந்தால் அது முதிராமல் வெளியேறிய பியர்.

என்ன சாப்பிடுவது?

சுவைத்து முடிக்கும்வரை உறைப்பு வேண்டாம். டெவல் கணவாயும் மிளகாய்ச் சம்பலும் வாயை எரித்த பிறகு லாகரின் மெல்லிய தானிய இனிப்பு தெரியவே தெரியாது. வாயுவும் மதுசாரமும் அந்த எரிவைக் கூட்டவும் செய்யும். வெறும் வயிற்றோடும் தொடங்கக் கூடாது. அவித்துத் தாளித்த கடலை, உப்பு மட்டும் தூவிய மரவள்ளிப் பொரியல், பாண் ஆகியவற்றில் ஒன்றை முதலில் உண்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வரிசை முடிந்ததும் விருந்தைத் தொடங்கலாம். திருகோணமலையின் கடலுணவுக்கு முன்னால் பியரும் இரண்டாம் இடத்துக்குத்தான் வரும். மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்த பாரை மீனுக்கும் இறால் வடைக்கும் லாகர் மிகப் பொருத்தம். எண்ணெய்ப் பசையை அது வாயிலிருந்து துடைத்தெடுக்கும். நண்டுக் கறியின் இனிப்புத் தசையோடு ஸ்டவுட் சேர்வதைப் பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் சேர்கிறது. கரியடுப்பில் சுட்ட மீனின் கருகிய விளிம்புக்கும் ஸ்டவுட்டே துணை. வட்டிலப்பத்தோடு ஸ்டவுட்டைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டிலும் உள்ள வெல்லச் சுவை ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். ஸ்ட்ரோங்குக்கு எந்த உணவையும் பரிந்துரைக்க எமக்கு மனமில்லை. அது தன் மதுசாரத்தால் உணவை மறைத்துவிடுகிறது.

கள்ளையும் வரிசையில் சேர்க்கலாமா?

பியரோடு கலந்து வைக்க வேண்டாம். கள்ளின் புளிப்பு அடுத்து வரும் பியரைச் சப்பென்று ஆக்கிவிடும். ஆனால் கள்ளுக்கென்றே ஒரு தனி வரிசை அமைப்பது மிகச் சிறந்த யோசனை. இந்த மண்ணின் சுவையை அறிய அதைவிட நல்ல வழி இல்லை.

பாளையிலிருந்து முட்டிக்குள் சொட்டும் சாறு, காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்களால் உடனடியாகப் புளிக்கத் தொடங்குகிறது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அந்தப் புளிப்பு தடைப்பட்டு, மதுசாரம் இல்லாத கருப்பநீர் கிடைக்கும். பூசாமல் விட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகி, ஒரு நாள் கடந்தால் வினாகிரியை நோக்கிப் போய்விடும். ஆகவே கருப்பநீர், காலையில் இறக்கிய கள், அதே கள்ளின் மாலை நேரப் பதம் என்று மூன்றையும் சிறு கிளாஸ்களில் வைத்தால் ஒரே மரத்தின் சாறு ஒரே நாளில் எப்படி மாறுகிறது என்பதை நாக்காலேயே பின்தொடரலாம். பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். கள் இறக்கவும் விற்கவும் அனுமதி தேவை என்பதால் முறையான தவறணையிலிருந்தோ கூட்டுறவுச் சங்க விற்பனையிலிருந்தோ மட்டும் வாங்குங்கள். போத்தலில் அடைத்து வரும் கள், புளிப்பு நிறுத்தப்பட்டு வருவதால், அன்றன்று இறக்கிய கள்ளின் உயிர்ப்பைத் தராது.

சிறு கிளாஸ்தானே, எவ்வளவு மதுசாரம் உள்ளே போகும்?

கணக்கிட்டுப் பார்ப்போம். மேலே சொன்ன நான்கு பியர்களில் ஒவ்வொன்றிலும் 100 மில்லிலீற்றர் எடுத்தால் தூய மதுசாரம் முறையே 4.8, 5, 8.8, 8.8 மில்லிலீற்றர், கூட்டினால் 27.4 மில்லிலீற்றர், அதாவது ஏறத்தாழ 22 கிராம். 625 மில்லிலீற்றர் ஸ்ட்ரோங் போத்தல் ஒன்றை ஒருவரே குடித்தால் 55 மில்லிலீற்றர், ஏறத்தாழ 43 கிராம். ஆக, நான்கு வகையையும் சுவைத்தவர், ஒரு பெரிய ஸ்ட்ரோங் குடித்தவரில் பாதியளவு மதுசாரத்தையே உட்கொண்டிருக்கிறார். ஆனால் கிளாஸை 150 மில்லிலீற்றராக உயர்த்தினால் அதே வரிசை 32 கிராமைத் தாண்டிவிடும். சிறு கிளாஸ் என்ற எண்ணமே மனதை ஏமாற்றும். அளவைக் கண்ணால் மதிப்பிடாமல், முதல் கிளாஸில் அளந்து ஒரு அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரையான மதுசாரத்தையே அகற்றுகிறது. ஆகவே 22 கிராம் நீங்க இரண்டு முதல் மூன்று மணி நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் மோட்டார் சைக்கிளைத் தொடக் கூடாது. போகவும் வரவும் ஆட்டோவை ஒழுங்கு செய்துகொண்டே கிளம்புங்கள். கடலிலும் இறங்க வேண்டாம். புறாத்தீவுக்குப் போய் நீந்துவதாக இருந்தால் அதைக் காலையில் முடித்துவிட்டு, மாலையில் சுவைக்க வாருங்கள்.

மதுசாரத்தில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகக் கூறியுள்ளது. கர்ப்பிணிகள், ஈரல் நோயாளர், மருந்து எடுப்போர், குடியிலிருந்து மீண்டு வருவோர் ஆகியோருக்கு இந்த வரிசையில் இடமில்லை. அவர்களை மேசைக்கு அழைத்தால் வற்புறுத்தாமல் இஞ்சி பியரும் நெக்டோ சோடாவும் இளநீரும் வைத்துத் தனி வரிசை அமைத்துக் கொடுங்கள். இஞ்சி பியர் பெயரில் பியர் இருந்தாலும் மதுசாரமற்ற குளிர்பானமே.

சட்டம் என்ன சொல்கிறது?

21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. போயா தினங்களிலும் மதுவரித் திணைக்களம் அறிவிக்கும் வேறு சில நாட்களிலும் விற்பனை நிறுத்தப்படும். நாட்காட்டியைப் பார்க்காமல் திருகோணமலைக்கு வார இறுதிப் பயணம் ஒழுங்கு செய்தவர்கள் இதனால் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

பெண்களும் வரலாமா?

பெண்களுக்கு மதுபானசாலை வளாகத்தில் மது விற்பதைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டின் விதியை அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர 2018 ஜனவரியில் நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் செய்தார். 21 வயது நிறைந்த ஒரு பெண் தன் பணத்தில் எதை வாங்கலாம் என்பதை அரசு தீர்மானிப்பது நியாயமல்ல என்பதே எமது எண்ணம். நடைமுறையில் கரையோரச் சுற்றுலா விடுதிகளில் பெண்களும் ஆண்களும் சேர்ந்து அமர்ந்து உண்பதும் அருந்துவதும் இயல்பாகவே நடக்கின்றன; நகரத்து மதுபானசாலைகளில் அந்த வசதி இல்லை. கலந்து போகும் குழுவினர் விடுதி உணவகத்தையே தெரிவு செய்யுங்கள்.

செலவு அதிகமாகுமா?

போத்தல்களைப் பகிர்வதால் ஆளுக்கு வரும் பங்கு பெரிதாகாது. ஆனால் பட்டியல் விலையை மட்டும் பார்த்துக் கணக்கிட வேண்டாம். பல உணவகங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், பதிவு பெற்ற இடங்களில் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் மேலே சேரும். விலையில் இவை அடங்கியுள்ளனவா என்பதை அமரும்போதே கேளுங்கள். வெளியில் வாங்கிய பியரைக் கொண்டுவந்து அருந்த அனுமதிக்கும் விருந்தினர் விடுதிகளும் உண்டு. அங்கே கிளாஸுக்கும் குளிரூட்டிக்கும் ஒரு சிறு கட்டணம் கேட்பது முறையே.

எனக்கு உண்மையிலேயே வேறுபாடு தெரிகிறதா என்பதை எப்படிச் சோதிப்பது?

சுவை ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முக்கோணச் சோதனையை நண்பர்களோடு மேசையிலேயே செய்யலாம். உங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மூன்று கிளாஸ்களில் இரண்டில் ஒரே பியரையும் மூன்றாவதில் வேறு பியரையும் ஒருவர் ஊற்ற வேண்டும். வேறானது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால், கிளாஸ்களின் இடத்தை மாற்றி மாற்றி ஐந்தாறு முறையாவது செய்தால்தான் முடிவுக்கு மதிப்புண்டு. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மிடறு போதும். லயன் லாகரையும் கார்ல்ஸ்பேர்க்கையும் இந்தச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தன் பியரைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பேன் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றவர்களை முதலில் அமர்த்துங்கள். பெரும்பாலானோர் இரண்டாவது முறையிலேயே தடுமாறுவார்கள். அதன் பிறகுதான் பலர் முதன்முதலாகக் கிளாஸை மூக்கருகே கொண்டுபோகிறார்கள்.